டேவிட் சேர்த்தவையும் விட்டவையும்: வரலாற்று ஓவியத்தை எந்த அளவுக்கு நம்பலாம்?

கரிக்கோடு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பிரெஞ்சுப் புரட்சி பற்றிய வேறோர் இழையில் ழாக் லூயி டேவிட்டின் பெயர் வந்தபோது, ‘அவர் தூரிகை பிடித்த பொய்யர்’ என்று ஒருவர் ஒரே வரியில் முடித்துவிட்டார். அந்த இழையின் பொருள் வேறு என்பதால் அங்கே நான் மறுமொழி எழுதவில்லை. ஆனால் பழைய கிரேக்க, ரோமக் கலையை முன்மாதிரியாகக் கொண்ட நவசெவ்வியல் ஓவியத்தின் தலைமகன் என்று கருதப்படும் ஒருவரை அத்தனை எளிதாகத் தள்ளிவிட முடியாது என்பதால் இதைத் தனி இழையாகவே தொடங்குகிறேன்.

குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்வோம். 1807-இல் முடித்த ‘நெப்போலியனின் முடிசூட்டு விழா’வில் பேரரசரின் தாய் லெத்தீசியா நடுமாடத்தில் வீற்றிருக்கிறார். மகனோடு மனத்தாங்கல் கொண்டிருந்த அந்த அம்மையார் 1804 டிசம்பர் 2 அன்று நோத்ர தாம் பேராலயத்தில் இல்லவே இல்லை, இத்தாலியில் இருந்தார். டேவிட்டுக்குப் புகழ் தேடித்தந்த ‘ஹொரேஷியர் உறுதிமொழி’யிலும் (1784) இதே கதைதான். ரோமின் மூன்று சகோதரர்கள் தந்தையின் முன் வாள்களை நோக்கிக் கைநீட்டிச் சூளுரைக்கும் அந்தக் காட்சி, போர்க் கதையைச் சொல்லும் ரோம வரலாற்றாசிரியர் லிவியின் நூலில் இல்லை. அது டேவிட் கட்டிய காட்சி.

இருந்தாலும் இதைப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காரணத்தை ‘சாக்ரடீசின் மரணம்’ (1787) கொண்டு விளக்குகிறேன். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ள படம் இது. கட்டிலில் நிமிர்ந்து அமர்ந்த சாக்ரடீஸ் ஒரு கையை மேலே உயர்த்திப் பேசிக்கொண்டே, மற்றொரு கையை நஞ்சுக் கிண்ணத்தின் பக்கம் நீட்டுகிறார். அந்தக் கை இன்னும் கிண்ணத்தைத் தொடவில்லை. கிண்ணத்தை நீட்டும் செவ்வாடைக் காவலன் பார்க்க மாட்டாமல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். நண்பர் கிரீட்டோ குருவின் தொடையை இறுகப் பற்றியிருக்கிறார். இத்தனை பரபரப்புக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு, கட்டிலின் கால்மாட்டில் ஒரு நரைத்த கிழவர் தலைகவிழ்ந்து உட்கார்ந்திருக்கிறார். அருகே தரையில் சுருளும் மைக்கூடும் கிடக்கின்றன. அவர்தாம் பிளேட்டோ.

கி.மு. 399-இல் பிளேட்டோ முப்பதை எட்டாத இளைஞர். அன்று தாம் உடல்நலமின்றி வராமற்போனதை அவரே ‘ஃபீடோ’ உரையாடலில் குறிப்பாகச் சொல்லியிருக்கிறார். டேவிட்டுக்கு இது தெரியாமல் இருந்திருக்க வழியில்லை. தெரிந்தே அவர் இளைஞரைக் கிழவராக்கினார். பல்லாண்டுகளுக்குப் பிறகு ஒரு முதியவர் மனத்தில் ஓடும் நினைவாக முழுக் காட்சியும் அவர் முதுகுக்குப் பின்னால் விரிகிறது. ஓவியர் தம் பெயரின் முதலெழுத்துகளைப் பிளேட்டோவின் இருக்கைக்குக் கீழேயும், முழுக் கையொப்பத்தைக் கிரீட்டோ அமர்ந்த கல்லிலும் இட்டிருக்கிறார். நினைவில் வைத்திருப்பவன், பற்றிக்கொள்பவன் ஆகிய இருவர் பக்கமும் தாம் நிற்பதாக அவர் சொல்கிறார் என்றே நான் இதைப் படிக்கிறேன். இப்படி வெளிப்படையாக மாற்றுபவரைப் பொய்யர் என்பது சரியா?

தராசு எழுதியது:

கரிக்கோடு ஐயா, சாக்ரடீஸ் படத்தைப் பற்றிய உங்கள் வாசிப்பில் எனக்கு மறுப்பில்லை. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய நிகழ்வை எப்படி வரைந்தாலும் யாருக்கும் இழப்பில்லை. ஆனால் நீங்கள் வசதியான படத்தை எடுத்துக்கொண்டீர்கள். நான் ‘மாராவின் மரண’த்தை எடுக்கிறேன். மாரா புரட்சியின் தீவிரப் பத்திரிகையாளர், அரசியல்வாதி.

1793 ஜூலை 13 அன்று நடந்தது ஆவணப்படுத்தப்பட்ட செய்தி. ஷார்லோத் கோர்தே என்ற பெண், கான் நகரில் கூடியிருந்த ஜிரோந்தினர் என்ற மிதவாதப் புரட்சிக் குழுவினரின் சதியைச் சொல்வதாகக் கூறி மாராவின் வீட்டுக்குள் நுழைந்தாள். கடுமையான தோல்நோயால் தொட்டித் தண்ணீரில் அமர்ந்தபடியே வேலை பார்த்துவந்த மாரா, அவள் சொன்ன பெயர்களைக் குறித்துக்கொண்டார். அவர்கள் எல்லாரும் விரைவில் கில்லட்டின் என்னும் தலைவெட்டும் கருவிக்குப் போவார்கள் என்று உறுதியும் கூறினார். அதன்பிறகுதான் கத்தி பாய்ந்தது.

இனி ஓவியத்தைப் பாருங்கள். மாராவின் இடக்கையில் இருப்பது பெயர்ப் பட்டியல் இல்லை. ‘நான் துயருற்றவள் என்பதே உங்கள் பரிவைப் பெறப் போதுமானது’ என்ற பொருளில் கோர்தே எழுதியதாக ஒரு விண்ணப்பம். பக்கத்து மரப்பெட்டியின் மேல் ஓர் அசிஞா பணத்தாள் கிடக்கிறது. நாட்டுக்காகக் கணவனை இழந்த, ஐந்து குழந்தைகளின் தாய்க்கு அதைக் கொடுக்கச் சொல்லும் குறிப்பும் உடன் இருக்கிறது. மரண தண்டனைக்குரியவர்களின் பட்டியல் எழுதிக்கொண்டிருந்த மனிதரை, ஏழைத் தாய்க்குத் தருமம் செய்துகொண்டிருந்த மனிதராக டேவிட் மாற்றிவிட்டார். தோல்நோய் போன இடம் தெரியவில்லை. உடல் பளிங்கு போல இருக்கிறது. காறை எலும்புக்குக் கீழே ஒரு சிறு கீறல், அவ்வளவுதான். அந்தக் கோடை வெப்பத்தில் மாராவின் உடல் அழுகத் தொடங்கியதால், பொதுமக்கள் பார்வைக்கு வைப்பதே பெரும்பாடாக இருந்தது என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

இவை அறியாமல் நேர்ந்த மாற்றங்கள் ஆகமாட்டா. கொலைக்கு முந்தைய நாள் டேவிட் மாராவை நேரில் கண்டுவந்தவர். இறுதிச் சடங்கை ஏற்பாடு செய்தவரும் அவரே. ஓவியத்தை நவம்பர் 14 அன்று, அன்றைய சட்டமன்றமான தேசிய கன்வென்ஷன் அவையில் ஒப்படைத்தபோது அவர் அந்த அவையின் உறுப்பினர் மட்டுமல்லாமல் பொதுக் காப்புக் குழுவின் உறுப்பினரும்கூட. கைது ஆணைகளில் கையெழுத்திடும் குழு அது. அவர் கையெழுத்திட்ட ஆணைகள் நூற்றுக்கணக்கில் எஞ்சியுள்ளன. அரசர் பதினாறாம் லூயியின் தலையை வாங்க வாக்களித்தவரும் அவரே. ஒரு கையால் ஆணையில் ஒப்பமிட்டு, மறுகையால் அந்த ஆணைகளை நியாயப்படுத்தும் தியாகியின் படத்தை வரைந்தவரை வேறு எந்தப் பெயரால் அழைப்பது?

பழுப்புத்தாள் எழுதியது:

இருவர் பதிவுகளும் செறிவாக இருக்கின்றன. கைது ஆணைகளில் ஒப்பமிட்ட அந்த டேவிட் எங்கிருந்து வந்தார் என்பதைச் சொன்னால் விவாதத்துக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

1748 ஆகஸ்ட் 30 அன்று பாரிசில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். ஒன்பது வயதில் தந்தை ஓர் ஒற்றைக்கு ஒற்றைச் சண்டையில் கொல்லப்பட்டார். கட்டடக் கலைஞர்களான தாய்மாமன்மார் வீட்டில் வளர்ந்தார். வாட்பயிற்சியில் கன்னத்தில் பட்ட காயம் நாளடைவில் கட்டியாக வீங்கியதால் பேச்சுத் திணறியது, வாய் ஒரு பக்கம் கோணியது. அரசவையின் செல்ல ஓவியரான பூஷே தூரத்து உறவினர். அவர் பையனைத் தாமே வைத்துக்கொள்ளாமல் ஓவியர் வியேனிடம் அனுப்பினார். அப்படி அனுப்பாமல் இருந்திருந்தால் இளஞ்சிவப்புக் கன்னங்களும் மேகத் துண்டுகளும் வரையும் இன்னொரு பூஷேதான் நமக்குக் கிடைத்திருப்பார்.

ரோமில் அரசுச் செலவில் கல்வி பெற உதவும் ‘ரோமப் பரிசு’க்காக அவர் பட்ட பாடு தனிக்கதை. 1771-இல் இரண்டாம் பரிசு, 1772-இல் தோல்வி, 1773-இலும் தோல்வி. 1772-இல் தோற்றபோது அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உண்ணாமல் உயிர்விட முயன்றார். 1774-இல்தான் வென்றார். அரச ஓவியக் கழகத்தின் மீது அவர் கொண்ட பகை அந்த ஆண்டுகளில் ஊறியது. 1793 ஆகஸ்டில் கன்வென்ஷன் அந்தக் கழகத்தையே ஒழித்தபோது முன்னின்று வாதாடியவர் இவர்தான். கொள்கையும் பழைய வன்மமும் அவரிடம் பிரிக்க முடியாதபடி கலந்திருந்தன என்று எனக்குத் தோன்றுகிறது.

தராசு அவர்கள் எழுப்பிய கேள்விக்கு இன்னொரு பக்கமும் உண்டு. ‘சாக்ரடீசின் மரண’த்தை வரையச் சொல்லிப் பணம் கொடுத்த த்ரூதேன், 1794 ஜூலையில் தம் சகோதரரோடு கில்லட்டினில் மாண்டார். வேதியியலறிஞர் லவாய்சியரும் அவர் மனைவியும் சேர்ந்திருக்கும் பெரிய உருவப்படத்தை 1788-இல் வரைந்து 7,000 லிவர் பெற்றவர் டேவிட். லவாய்சியரின் மனைவி அவரிடமே ஓவியம் பயின்றவர். 1794 மே 8 அன்று லவாய்சியரின் தலையும் உருண்டது. பழைய புரவலர்களுக்காக டேவிட் வாய்திறந்ததாக எங்கும் நான் படித்ததில்லை.

அந்த உருவப்படம் நமது பொருளுக்கு வேறொரு வகையிலும் பொருந்தும். மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தார் அதைத் துப்புரவு செய்தபோது மேற்பரப்புக்கு அடியில் வேறொரு படம் ஒளிந்திருப்பதைக் கருவிகளின் உதவியால் கண்டு 2021-இல் வெளியிட்டார்கள். முதலில் மனைவி நாடாவும் செயற்கைப் பூக்களும் வைத்த பெரிய நாகரிகத் தொப்பி அணிந்திருந்தார். இப்போது மேசையிலும் தரையிலும் மின்னும் கண்ணாடிக் கருவிகள் அப்போது இல்லை. பெருஞ்செல்வரான வரி வசூல் குத்தகைதாரரையும் அவர் மனைவியையும் வரையத் தொடங்கி, அறிவியல் இணையராக மாற்றி முடித்திருக்கிறார். புரட்சிக்கு முன்பே, அரசியல் கட்டாயம் எதுவும் இல்லாதபோதே, அவர் கை இப்படித்தான் இயங்கியது.

கரிக்கோடு எழுதியது:

தராசு அவர்களின் பதிவு கூர்மையானது. மாராவின் கையிலிருந்த பட்டியல் பற்றிய செய்தியை நான் தட்டிக்கழிக்க விரும்பவில்லை. ஆனால் டேவிட் எப்படி மாராவிடம் வந்துசேர்ந்தார் என்பதைப் பார்த்தால், அவர் ஏன் இறந்தவர்களையே நாடினார் என்பது விளங்கும்.

1789 ஜூன் 20 அன்று மக்கள் பிரதிநிதிகள் வெர்சாயின் பந்தாட்டக் கூடத்தில் கூடி, அரசியல் சட்டம் வகுக்காமல் கலைவதில்லை என்று உறுதிபூண்டார்கள். அதை மாபெரும் ஓவியமாக்கப் பொறுப்பேற்ற டேவிட், 1791-இல் பேனாவும் மையும் கொண்டு தீட்டிய விரிவான முன்வரைவைக் கண்காட்சிக்கு வைத்தார். நடுவில் மேசைமேல் நின்று உறுதிமொழி வாசிக்கும் அவைத் தலைவர் பாயி, சுற்றிலும் நீண்ட கைகள், சன்னல் திரைகளைப் புடைக்கச் செய்யும் புயற்காற்று, வலக்கோடியில் கைகளை மார்போடு கட்டிக்கொண்டு ஒப்பமறுக்கும் ஒரே ஒருவர் என்று அது நாடக மேடைபோல அமைந்தது. முன்னால் தழுவிக்கொள்ளும் மூவரில் துறவி டோம் ஜெர்ல் அன்று அங்கே வரவேயில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் தராசு சொல்வார்.

இந்தப் படம் முடியவேயில்லை. அதன் பெருங்கித்தானின் எஞ்சிய பகுதி வெர்சாயில் இருக்கிறது. டேவிட்டின் வேலைமுறையை அதைவிடத் துல்லியமாகக் காட்டும் சான்று வேறில்லை. உருவங்களை முதலில் ஆடையின்றி, தசையும் எலும்பும் சரியாக அமையும்படி வரைவார்; நிலை உறுதிப்பட்ட பிறகே ஆடை உடுத்துவார். அதனால் அந்த வெறுங்கித்தானில் ஆடையில்லாத உடல்கள் கோட்டுருவமாக நிற்கின்றன. அவற்றின் மேல் மிராபோ, பார்னாவ் உள்ளிட்ட பிரதிநிதிகள் நால்வரின் முகங்கள் மட்டும் வண்ணத்தில், உயிரோடு, முழுமையாக இருக்கின்றன. கிரேக்கச் சிலையின் உடலில் அண்டைவீட்டுக்காரர் தலை ஒட்டியதுபோல முதற்பார்வைக்குச் சிரிப்பாகக்கூட இருக்கும்.

ஏன் நின்றுபோனது? பணமுடையும் இருந்தது, ஆனால் அதைவிடப் பெரிய காரணம் முகங்கள்தாம். மிராபோ அரண்மனையோடு இரகசிய உறவு வைத்திருந்த கடிதங்கள் 1792 நவம்பரில் அம்பலமாயின. 1793 நவம்பரில் பாயியும் பார்னாவும் கில்லட்டினுக்குப் போனார்கள். ஓவியம் காய்வதற்குள் அதில் இருந்த வீரர்கள் துரோகிகள் ஆனார்கள். உயிரோடிருப்பவன் நாளை என்ன ஆவான் என்று சொல்ல முடியாது, இறந்தவன் மாறமாட்டான். லூ பெலத்தியே, மாரா, சிறுவன் பாரா என்று டேவிட் அடுத்தடுத்து மூன்று பிணங்களை வரைந்தது இந்தப் பாடத்தால்தான் என்பது என் கணிப்பு. மாராவின் படத்தில் மேற்பாதி முழுவதும் வெறுஞ்சுவராக விட்டிருப்பதும் அதே எச்சரிக்கையின் விளைவுதான். அங்கே வேறு யாரையும் வைக்க அவருக்குத் துணிவில்லை. கொலைகாரியைக்கூடக் கடிதத்தில் ஒரு பெயராக மட்டுமே விட்டார்.

வெண்கலக்குதிரை எழுதியது:

புரட்சிக் காலத்தில் உயிருக்கு அஞ்சி மாற்றினார் என்று வைத்துக்கொள்வோம். நெப்போலியன் காலத்தில் என்ன கட்டாயம் இருந்தது?

1800 மே மாதத்தில் நெப்போலியன் பெரிய செயின்ட் பெர்னார்டு கணவாயைக் கடந்தது உள்ளூர் வழிகாட்டி பிடித்து நடத்திய கோவேறு கழுதை மேல். ஸ்பெயின் மன்னர் நான்காம் கார்லோஸ் வேண்டியதற்கிணங்க டேவிட் வரைந்த படத்திலோ, முன்கால்களைத் தூக்கிய குதிரையும் காற்றில் சுழலும் மேலங்கியும் இருக்கின்றன. கீழே பாறையில் போனபார்ட், ஹன்னிபால், சார்லமேன் ஆகிய பெயர்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. படத்துக்காக ஓவியர் முன் உட்கார நெப்போலியன் மறுத்துவிட்டார்; பெரியோரின் படத்தில் முகச்சாயலைத் தேடுவார் யாருமில்லை, அவர்தம் மேதைமை தெரிந்தால் போதும் என்பது அவர் வாதம். ஆகவே ஓவியர் தம் மகனை ஏணியில் ஏற்றி அமர்த்தி நிலையைப் பிடித்தார். இந்தப் படத்துக்கு ஐந்து வடிவங்கள் இருப்பதைப் பார்த்தால் சரக்கு நன்றாக விலைபோனது தெரிகிறது.

முடிசூட்டு விழாப் படத்தில் அம்மாவைச் சேர்த்ததோடு நின்றிருந்தால்கூட மன்னித்திருப்பேன். ஏறத்தாழ 6 மீட்டர் 20 சென்டிமீட்டர் உயரமும் 9 மீட்டர் 80 சென்டிமீட்டர் நீளமும் கொண்ட அந்தக் கித்தானில், நெப்போலியன் தாமே தம் தலையில் முடியைச் சூட்டிக்கொள்ளும் காட்சியைத்தான் முதலில் திட்டமிட்டார். பிறகு அது ஜோசஃபினுக்கு முடிசூட்டும் காட்சியானது. முடிமேல் கைதூக்கி நிற்கும் கணவர் பெருந்தன்மையுள்ளவராகத் தெரிவது அதனால்தான். மடியில் கைவைத்துச் சும்மா உட்கார்ந்திருந்த போப்பாண்டவர் ஏழாம் பயஸ், பிறகு ஆசி வழங்கக் கையை உயர்த்தினார்; அவரை ஒன்றும் செய்யாமலிருக்க அவ்வளவு தொலைவு வரவழைக்கவில்லை என்று நெப்போலியன் சொன்னதாகக் கதை.

எல்லாவற்றுக்கும் சிகரம் 1810-இல் முடித்த ‘கழுகுக் கொடிகள் வழங்கும் விழா’. நிகழ்வு நடந்தது 1804-இல், ஜோசஃபின் உடனிருந்தார். படம் முடிவதற்குள் மணமுறிவு வந்துவிட்டது. ஆகவே அம்மையாரைப் படத்திலிருந்தே அகற்றிவிட்டார்கள். அவர் அமர்ந்திருந்த இடம் வெறிச்சென்று தெரியாதிருக்க, அவர் மகன் யூஜீனின் காலை முன்னுக்கு நீட்டி அந்த வெற்றிடத்தை அடைத்தார் டேவிட். அந்தக் கால் இன்றும் இயல்புக்கு மாறாக நீண்டு கிடக்கிறது. கரிக்கோடு ஐயா, இதையும் நினைவு என்றுதான் சொல்வீர்களா?

கரிக்கோடு எழுதியது:

மாட்டேன். அது எசமானுக்காகச் செய்த வேலை. ‘கழுகுக் கொடிகள்’ ஓவியமாகவும் தோல்விதான்; நெருக்கியடித்த படைவீரர்கள், ஒரே திசையில் பாயும் கைகள், நடுவில் உயிரற்ற பேரரசர்.

வெள்ளைக்கீற்று எழுதியது:

இதுவரை பேசியவை எல்லாம் ஆண்கள் கைநீட்டும் படங்களாகவே இருப்பதால் நான் ‘சபீனியப் பெண்க’ளை (1799) கொண்டுவருகிறேன். உங்கள் விவாதத்தில் நடுவில் ஒரு பெரிய துளை இருக்கிறது, அதை இந்தப் படம்தான் அடைக்கும்.

1794 ஜூலை 26 அன்று தீவிரப் புரட்சியாளர்களின் ஜாக்கொபின் கழகத்தில், அவர்கள் தலைவர் ரோபஸ்பியர் நஞ்சருந்தினால் தாமும் உடன் அருந்துவதாக டேவிட் உரக்கச் சொன்னார். மறுநாள் ரோபஸ்பியர் வீழ்ந்தபோது உடல்நலமில்லை என்று அவைக்கே வரவில்லை. ஆகஸ்ட் 2 அன்று கைதானார். காவலில் இருந்தபோது கண்ணாடி பார்த்து வரைந்த தன்னுருவப்படம் லூவ்ரில் இருக்கிறது. கையில் வண்ணத்தட்டும் தூரிகையும், தளர்ந்த மேலங்கி, வெறித்த கண்கள். மாராவின் தோல்நோயைத் துடைத்தெறிந்த அதே கை, தம் கன்னத்து வீக்கத்தை நிழலில் தள்ளியதே தவிர முற்றாக அழிக்கவில்லை. வாய்க்கோணலும் தெரிகிறது. அவர் வரைந்தவற்றில் நான் மிக நம்புவது இந்த முகத்தைத்தான்.

அரசரின் மரணத்துக்கு வாக்களித்ததிலிருந்தே மனைவி மார்கரித் ஷார்லோத் அவரோடு ஒத்துப்போகவில்லை. 1794-இல் மணவிலக்கும் ஆகிவிட்டது. ஆனால் சிறைக்குச் சென்று பார்த்தவரும் அவர்தான், 1796-இல் அவரையே மீண்டும் மணந்தவரும் அவர்தான். இந்தப் பின்னணியில் ‘சபீனியப் பெண்க’ளைப் பாருங்கள். ரோமர் கவர்ந்து மணந்த சபீனியப் பெண்களின் தந்தையர்க்கும் கணவர்க்கும் இடையே நடக்கும் போரில், வெண்ணிற ஆடையுடன் ஹெர்சிலியா இரு கைகளையும் விரித்து நடுவில் பாய்கிறாள். காலடியில் தவழும் பச்சைக் குழந்தைகள். ஒரு தாய் தன் குழந்தையை ஈட்டிகளுக்கு மேலே தூக்கிப் பிடிக்கிறாள். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் ஹொரேஷியர் படத்தில் ஒரு மூலையில் சாய்ந்து அழுதுகொண்டிருந்த பெண்கள் இங்கே படத்தின் நடுவுக்கு வந்து போரை நிறுத்துகிறார்கள். ஒன்றுபோல் நீளும் கைகளை வரைந்தே பேர்பெற்றவர், அந்தக் கைகளைத் தடுக்கும் கைகளை வரைந்திருக்கிறார்.

அதை அவர் காட்டிய விதமும் புதுமையானது. லூவ்ரில் ஒரு கூடத்தில் 1 பிராங்க் 80 சான்டீம் நுழைவுக் கட்டணம் வாங்கிக்கொண்டு, எதிரே பெரிய நிலைக்கண்ணாடி வைத்துக் காட்சிப்படுத்தினார். பார்வையாளர் கண்ணாடியில் நோக்கினால் தாமும் அந்தப் போர்க்களத்தில் நிற்பதாகத் தெரியும். பல ஆண்டு நீடித்த அந்தக் காட்சியின் வருமானத்தில் நாட்டுப்புறத்தில் ஒரு சொத்தே வாங்கினார் என்பதால் இலட்சியம் மட்டும்தான் என்று சொல்லவும் முடியாது.

தராசு எழுதியது:

வெள்ளைக்கீற்று அம்மா, மறுக்க முடியாத பதிவு. ஆனால் 1799-இல் சமரசம் பேசுவதுதான் அரசியலில் பாதுகாப்பான பேச்சு. தலை தப்பிய பழைய ஜாக்கொபினுக்கு அதைவிடத் தோதான பொருள் வேறென்ன கிடைத்திருக்கும்? கன்னத்து வீக்கத்தைப் பற்றி நீங்கள் சொன்னதை மட்டும் ஏற்றுக்கொள்கிறேன். தம் முகத்துக்கு அவர் காட்டிய நேர்மையைப் பிறர் முகத்துக்கும் காட்டியிருக்கலாம்.

பழுப்புத்தாள் எழுதியது:

காற்றுக்கேற்பச் சாய்ந்தவர் என்று முடிவுகட்டும் முன் 1816-ஐயும் பார்க்க வேண்டும். அரசரின் மரணத்துக்கு வாக்களித்து, பின்னர் நெப்போலியனின் நூறு நாள் ஆட்சியையும் ஆதரித்தவர்கள் நாடு கடத்தப்பட்டபோது டேவிட் பிரசெல்சுக்குப் போனார். மன்னிப்புக் கேட்டிருந்தால், மீண்டும் அரியணை ஏறிய பூர்போன் மன்னர் குடும்பத்தின் அரசு திரும்ப வர விட்டிருக்கக்கூடும், அவர் கேட்கவில்லை. பிரஷ்ய மன்னர் பெர்லினுக்கு அழைத்தார், போகவில்லை. பதினெட்டாம் லூயியின் அரசு ‘சபீனியப் பெண்க’ளையும் ‘தெர்மாப்பிலேயில் லியோனிடா’ஸையும் 1819-இல் விலைகொடுத்து வாங்கியது. அண்ணனைக் கொல்ல வாக்களித்தவரின் படங்களைத் தம்பி வாங்கியிருக்கிறார். படங்கள் நாட்டுக்குள் வந்தன, வரைந்தவர் வரவில்லை.

1825 டிசம்பர் 29 அன்று பிரசெல்சிலேயே இறந்தார். உடலைக் கொண்டுவர பிரான்ஸ் இசையவில்லை. அங்கேயே அடக்கம் செய்தார்கள். இதயம் மட்டும் பாரிசின் பேர் லஷேஸ் இடுகாட்டுக்கு வந்தது.

மற்றவர் முகங்களைத் திருத்தியவரின் படமும் பிறரால் திருத்தப்பட்டது என்பதைச் சொல்லாவிட்டால் இந்த இழை முழுமையாகாது. மாராவுக்கு முன் அவர் வரைந்த தியாகி, அரசரின் மரணத்துக்கு வாக்களித்ததற்காக 1793 ஜனவரி 20 அன்று கொல்லப்பட்ட லூ பெலத்தியே. கன்வென்ஷன் அவையில் இரு படங்களும் இணையாகத் தொங்கின. அவருடைய மகள் சுசான் பிற்காலத்தில் தீவிர அரச ஆதரவாளர் ஆனார். டேவிட் இறந்தபின் 1826-இல் அவர் பிள்ளைகளிடமிருந்து அந்தப் படத்தைப் பெருந்தொகை கொடுத்து வாங்கினார். அதன்பின் அதை யாரும் பார்க்கவில்லை. அதைப் பார்த்து எடுத்த அச்சுப்படங்களையும் தேடித் தேடி அழித்தார் என்பார்கள். கிழிந்த ஒரு பிரதியும், மாணவர் ஒருவர் எடுத்த கோட்டுப்படமும் மட்டும் தப்பின. உடலுக்கு மேலே ஒற்றை மயிரில் தொங்கும் வாள், ஒரு தாளைக் குத்தியபடி நிற்பதை அவற்றில் காணலாம். டேவிட் மாராவின் தோலைத்தான் மாற்றினார். சுசான் தந்தையின் முழு உருவத்தையுமே இல்லாமல் ஆக்கினார். மாராவின் படம் தப்பியதும் குடும்பம் அதை நெடுநாள் மறைத்துவைத்ததால்தான். பிரசெல்சு அரச நுண்கலை அருங்காட்சியகத்துக்கு அது 1893-இல் சேர்ந்தது.

வெண்கலக்குதிரை எழுதியது:

மாணவர்களைப் பற்றி யாரும் எழுதவில்லையே! ஜிரோதே, ஜெரார், க்ரோ, ஆங்க்ர் என்று ஒரு தலைமுறையே அந்தப் பட்டறையில் இருந்து வந்தது. பெண்களும் பயின்றார்கள். மெட்ரோபாலிட்டனில் சன்னலோரம் அமர்ந்து வரையும் இளம்பெண்ணின் படம் நெடுங்காலம் டேவிட்டின் தலைசிறந்த உருவப்படங்களில் ஒன்றாகப் போற்றப்பட்டது. இப்போது அது மரி தெனீஸ் வில்லேர் வரைந்தது என்கிறார்கள்.

கரிக்கோடு எழுதியது:

க்ரோவைப் பற்றி நானே சொல்ல எண்ணியிருந்தேன், ஏனென்றால் அது நம் விவாதத்தின் மையத்தைத் தொடுகிறது. நாம் இத்தனை பக்கம் சண்டையிட்டது டேவிட் தம் காலத்தை வரைந்த படங்களைப் பற்றி. டேவிட்டோ அவற்றை உயர்ந்த வகையாகவே மதிக்கவில்லை. நாடுகடத்தப்பட்டபோது பாரிஸ் பட்டறையைக் க்ரோவிடம் ஒப்படைத்தார். ‘யாஃபாவில் கொள்ளைநோயாளிகள்’, ‘எய்லோ போர்க்களம்’ ஆகிய படங்களில் சீழும் பனியில் உறைந்த பிணங்களும் அப்படியே தெரியுமாறு வரைந்தவர் க்ரோ. அதாவது டேவிட் விட்டதையெல்லாம் வரைந்தவர். அவருக்கு டேவிட் பிரசெல்சிலிருந்து எழுதிய அறிவுரை, இந்தத் தற்காலப் பொருள்களை விட்டுவிட்டு பண்டைய கிரேக்க, ரோம வீரர்களின் வாழ்க்கையை எழுதிய புளூட்டார்க்கை விரைவாகப் புரட்டி உண்மையான வரலாற்று ஓவியம் ஒன்றைத் தேர்ந்துகொள் என்பதுதான். சொல்லைத் தட்டாத மாணவர் பழங்கதைகளுக்குத் திரும்பினார். 1835 கண்காட்சியில் அவருடைய ‘ஹெர்குலிசும் டயோமிடீசும்’ எள்ளி நகையாடப்பட்டது. அந்த ஜூன் மாதமே அவர் சேன் ஆற்றில் மூழ்கி உயிரை மாய்த்துக்கொண்டார்.

ஆகவே தராசு அவர்களிடம் என் நிலைப்பாட்டைச் சற்றுத் திருத்திச் சொல்கிறேன். டேவிட் நிகழ்காலத்தைக் கண்டதும் அதைப் பழைய ரோம் ஆக்காமல் விடமாட்டார். அவருக்கு வேறு மொழி தெரியாது. மாராவைத் தியாகி ஆக்கியதற்கு அரசியல் காரணம் இருந்தது உண்மை. ஆனால் அரசியலே இல்லாத இடத்திலும் அவர் இதைத்தான் செய்திருப்பார்.

தராசு எழுதியது:

கை பழகிப்போன ஒன்று என்பதால் குற்றம் குறையுமா, ஐயா? பிளேட்டோவின் தலையில் நரை ஏற்றினாலும் ஏற்றாவிட்டாலும் யாரும் சாகப்போவதில்லை. மாராவின் படம் அவையில் தொங்கிய மாதங்களில் பாரிசில் தலைகள் உருண்டுகொண்டிருந்தன, அந்தப் படத்தின் நகல்களைப் பட்டறையில் எடுத்துப் பரப்பவும் செய்தார்கள். மாராவைப் பொறுத்தவரை நான் சொன்னதில் மாற்றமில்லை. க்ரோவின் யாஃபா படத்துக்குத் தனி இழை தொடங்குங்கள், அங்கே உங்களோடு ஒத்துப்போக எனக்கு நிறைய இருக்கிறது; கொள்ளைநோயாளியின் புண்ணை நெப்போலியன் தொடுகிற அந்த வெறுங்கையைப் பற்றி மட்டும் உங்களிடம் கேட்க வேண்டும்.